கடன்சொல்லால் வளர்ந்ததா ஆங்கிலம்?

"ஆங்கிலத்தைப் பாருங்கள்! உலகத்து மொழிகள் எல்லாவற்றினின்றும் சொற்களை வாங்கிக் கொண்டது, அதனால் வளர்ந்தது, உலகை ஆண்டது. தமிழும் அவ்வாறே பிறமொழிச் சொற்களைத் தயங்காது ஏற்றுக் கொண்டாலன்றி வளராது." தனித்தமிழ் என்னும் பேச்சு எழுந்தவுடன் அதனை எதிர்த்து எழும் முதற் கூற்று இதுவே. மேடையில் பேசுவோரும் இதனைக் கூறுவர். இதழ்களில் எழுதுவோரும் கூறுவர். ஆங்கிலத்தில் நான்கு வரி பிழையின்றி எழுத மாட்டாதாரும் கூறுவர். பலரும் பலகாலும் கூறுவதனாலேயே அஃது உண்மைபோல் தோற்றமளிக்கின்றது.

இக் கூற்றுக்கு விடை காணத் தொல்காப்பியத்தைப் புரட்ட வேண்டுவதில்லை. ஆங்கிலச் சொற்களின் வரலாற்றையும், அவற்றின் பொருளையும், அவை இன்று வழங்கும் முறையையும் அறிந்தாலே போதும். ஆங்கிலேயர் தம் மொழியைப் பற்றித் தாமே கூறியனவும், தாமே பட்டனவும், தாமே திருத்திக் கொண்டனவும் இக் கூற்றை அடியோடு வீழ்த்தும்.

முதற்கண், ஆங்கிலம் சொற்களை 'வாங்கியது' என்பதே பொருந்தாக் கூற்று. வாங்குவோன் விரும்பி வாங்குகின்றான்; வேண்டாதவற்றை விட்டு விடுகின்றான். ஆங்கிலத்துக்கு அவ்வுரிமை இருந்ததில்லை. 1066ஆம் ஆண்டில் நார்மண்டி நாட்டு வில்லியம் கடல் கடந்து வந்து ஏசுடிங்சுப் போரில் ஆங்கில மன்னனை வீழ்த்தி அரியணை ஏறினான். அன்றிலிருந்து ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் அந்நாட்டில் ஆள்வோர் மொழி பிரஞ்சாகவும், திருமடத்து மொழி இலத்தீனாகவும், உழுவோர் மொழி ஆங்கிலமாகவும் இருந்தன. தோற்றவர் வாய்மொழிக்குள் வென்றவர் சொற்கள் புகுந்தன. இதற்குப் பெயர் கடன் அன்று, திறை.

அத் திறையின் தழும்பு இன்றும் ஆங்கிலேயரின் உணவுத் தட்டில் உள்ளது. மாடு மேய்ப்பவன் வாயில் மாட்டுக்குப் பெயர் 'கவ்' என்பது; அதன் இறைச்சிக்குப் பெயர் 'பீப்' என்பது. முன்னது ஆங்கிலம், பின்னது பிரஞ்சு. பன்றி உயிரோடு திரியும்போது 'பிக்' அல்லது 'சுவைன்'. வெந்து தட்டிற்கு வந்தபின் 'போர்க்'. கன்று தொழுவத்தில் ஆங்கிலப் பெயரோடு நிற்கும். கறியானபின் 'வீல்' என்னும் பிரஞ்சுப் பெயர் பெறும். ஆட்டுக்கறி 'மட்டன்' ஆனதும் அவ்வாறே. வளர்த்தவன் மொழியில் விலங்கின் பெயரும், உண்டவன் மொழியில் இறைச்சியின் பெயரும் நின்றுவிட்டன. வால்ட்டர் சுக்காட்டு என்னும் புதின ஆசிரியர் 'ஐவன்கோ' என்னும் தம் கதையில் இவ்வேற்றுமையைப் பன்றி மேய்ப்பவனிடம் ஒரு கோமாளி எடுத்துரைப்பதாக அமைத்துள்ளார். படிப்போர்க்கு நகைப்பு வரும். எண்ணுவோர்க்கு நெஞ்சு வலிக்கும்.

அடுக்களையில் நேர்ந்தது வழக்குமன்றத்திலும் நேர்ந்தது. நடுவர், குற்றம், சிறை, அரசு, நாடாளுமன்றம் ஆகியவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் யாவும் பிரஞ்சின் வழியாக வந்தவையே. தன்மேல் சாட்டப்பட்ட குற்றம் இன்னதென்றும் அறியாமல் ஆங்கிலக் குடியானவன் கூண்டில் நின்றான். 1362ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. நாட்டு மக்களுக்குப் பிரஞ்சு மொழி விளங்காமையால், தமக்குச் சார்பாகவும் எதிராகவும் மன்றத்தில் பேசப்படுவது இன்னதென்று அவர்கள் அறிய இயலவில்லை என்றும், ஆகவே இனி வழக்குரைகள் ஆங்கிலத்தில் நிகழ வேண்டும் என்றும் அச்சட்டம் கூறிற்று. ஆனால் அச் சட்டமே பிரஞ்சு மொழியில்தான் எழுதப்பெற்றிருந்தது! பதிவுகள் இலத்தீனிலேயே இருக்க வேண்டும் என்றும் அது வரையறுத்தது. வழக்குமன்ற நடவடிக்கைகளும் ஆவணங்களும் ஆங்கிலத்திலேயே அமைதல் வேண்டும் என்னும் நிலையான சட்டம் 1731ஆம் ஆண்டில் பிறந்து 1733ஆம் ஆண்டில்தான் நடைமுறைக்கு வந்தது. தன் நாட்டில், தன் மன்றத்தில், தன் மொழியைக் கேட்பதற்கு ஆங்கிலேயன் அறுநூற்றறுபது ஆண்டுகட்கு மேல் காத்திருந்தான். இதனை 'வளர்ச்சி' என்று பாராட்டுவோர் அவன் பட்ட பாட்டை அறியாதார்.

இனி, இவ்வாறு புகுந்த சொற்கள் ஆங்கில மொழியின் உள்ளமைப்பை என் செய்தன என்பதைக் காணுதல் வேண்டும். தமிழில் 'பல்' என்னும் சொல்லைக் கற்ற குழந்தை 'பல் மருத்துவர்' என்பதைத் தானே உணர்ந்து கொள்ளும். ஆங்கிலக் குழந்தை பல்லுக்கு 'டூத்' என்று கற்கின்றது. பல்லைச் சார்ந்ததற்கு 'டென்டல்' என்னும் இலத்தீனச் சொல்லை வேறாகக் கற்றல் வேண்டும். நிலவு 'மூன்', நிலவைச் சார்ந்தது 'லூனார்'. கதிரவன் 'சன்', கதிரவனைச் சார்ந்தது 'சோலார்'. வாய் 'மவுத்'; வாயைச் சார்ந்தது 'ஓரல்'. நாய் 'டாக்', நாயைச் சார்ந்தது 'கேனைன்'. பெயர் ஒரு குடியிலும் அதன் அடைமொழி வேறொரு குடியிலும் பிறந்துள்ளன. ஒரு பொருளுக்கு ஒருமுறை முயன்று கற்க வேண்டிய இடத்தில் ஆங்கில மாணவன் இருமுறை முயல்கின்றான். வேரும் கிளையும் ஒட்டாத மரம் அது.

இதில் ஆங்கிலம் பெற்ற ஊதியம் ஒன்றுமே இல்லையோ எனின், உண்டு. அதனை மறைத்தல் முறையன்று. அரசனுக்குரியது என்னும் ஒரு பொருளையே ஆங்கிலத்தில் 'கிங்லி' என்றும், 'இராயல்' என்றும், 'ரீகல்' என்றும் மூவகையாகக் கூறலாம். முதலாவது ஆங்கிலம், அடுத்தது பிரஞ்சு, மூன்றாவது இலத்தீன். மூன்றற்கும் நுண்ணிய வேறுபாடுகள் உள. பாவலர்க்கும் எழுத்தாளர்க்கும் அவ் வேறுபாடுகள் பயன்படும். ஆயினும், அவ் வளம் யாருக்குக் கிட்டிற்று என்று வினவுதல் வேண்டும். இலத்தீன் பயின்ற ஒருசிலர்க்கு அது கருவூலம். பயிலாத பெரும்பாலார்க்கு அது பூட்டிய கதவு. மொழியின் செல்வம் என்பது அதனைப் பேசுவோர் அனைவர்க்கும் உரிய பொதுச்செல்வம் அன்றோ?

இக் கேட்டினை ஆங்கிலேயருள் அறிவுடையோர் அன்றே உணர்ந்தனர். 16ஆம் நூற்றாண்டில் இலத்தீன, கிரேக்கச் சொற்களை அள்ளி அள்ளி ஆங்கிலத்தில் கொட்டும் பழக்கம் பெருகியபோது, அவற்றுக்கு 'மைக்கொம்புச் சொற்கள்' என்று அவர்கள் பெயரிட்டு இகழ்ந்தனர். அந்நாளில் மை வைத்திருந்த கூடு விலங்கின் கொம்பால் ஆனது. மக்கள் வாயினின்று பிறவாமல் மைக்கொம்பினின்று பிறந்த சொல் என்பது அவ்விகழ்ச்சியின் பொருள். தாமசு வில்சன் என்பார் 1553ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் பேச்சுக்கலை நூலில், இத்தகையோர் தம் தாய்மொழியையே மறந்துவிட்டனர் என்றும், அவர்களைப் பெற்ற தாயர் இன்றிருப்பின் மக்கள் பேசுவது இன்னதென்று அவர்க்கு விளங்காது என்றும் எள்ளி நகையாடினார். வில்சனார் தனித்தமிழ் இயக்கத்தைக் கண்டவர் அல்லர்! தம் கண்முன் தம் மொழிக்கு நேர்ந்ததைக் கண்டவர், அவ்வளவே.

அவர்காலத்தவரே சான் சீக்கு. இவர் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்தில் கிரேக்கப் பேராசிரியராக விளங்கியவர். இலத்தீனமும் கிரேக்கமும் கரைகண்டவர். அயன்மொழி அறியாமையால் அதனை வெறுத்தவர் என்று இவரைக் கூறுதல் இயலாது. ஆங்கிலத்தைக் கலப்பின்றித் தூய்மையாக எழுதுதல் வேண்டும் என்றும், கடன் வாங்கிக் கொண்டே போய்த் திருப்பிச் செலுத்தாத குடும்பம் கடையடைக்க நேரும் என்றும் 1557ஆம் ஆண்டு நண்பர் ஒருவர்க்கு மடல் எழுதினார். எழுதியதோடு அமையாமல் செய்தும் காட்டினார். விவிலியத்தின் மத்தேயு நூலை மொழிபெயர்க்கும்போது, நூறு படைஞர்க்குத் தலைவனைக் குறிக்கும் 'செஞ்சூரியன்' என்னும் இலத்தீனச் சொல்லை விடுத்து 'அண்ட்ரடர்' என்று நூறு என்னும் ஆங்கிலச் சொல்லினின்றே ஒரு சொல் படைத்தார். பித்துப் பிடித்தவனைக் குறிக்கும் 'லூனடிக்' என்பதை விடுத்து, நிலவு என்னும் ஆங்கிலச் சொல்லடியாக 'மூண்டு' என்றார். உயிர்த்தெழுதலுக்கும் மீண்டெழுதல் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் ஒன்றைப் புனைந்தார்.

அச்சொற்கள் நிலைத்தனவா? நிலைக்கவில்லை. சொற்களில் குறை இருந்ததனால் அன்று. அவருடைய மொழிபெயர்ப்பு அவர் மறைந்து ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் அச்சேறாமல் கிடந்து, 1843ஆம் ஆண்டில்தான் வெளிவந்தது. படைத்த சொல் மக்களைச் சென்றடையவில்லை, பள்ளியில் பயிற்றப்படவில்லை, ஆள்வோர் அதனை ஆளவில்லை. ஒருவர் படைக்கும் சொல் ஓராயிரம் பேர் வாயில் வழங்கினாலன்றி வாழாது. புதுச்சொல் புனைவோர் தமிழகத்தில் பலர் உளர். அவற்றை எடுத்து வழங்குவோர் அத்துணைப் பேர் உளரா என்பதைத் தமிழர் எண்ணிப் பார்ப்பாராக.

சீக்கின் அறிவுரையை ஆங்கிலேயர் புறக்கணித்ததன் பயன் 1604ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. ஆங்கிலச் சொற்களுக்கு ஆங்கிலத்திலேயே பொருள் கூறும் முதல் அகரமுதலி அவ்வாண்டில் வெளிவந்தது. அதனைத் தொகுத்தவர் இராபர்ட்டு காட்ரி என்னும் பள்ளி ஆசிரியர். சமயப் பணியும் ஆற்றியவர். முதல் அகரமுதலி ஆயிற்றே. ஆங்கிலேயர் தம் மொழியின் சொற்களையெல்லாம் அதில் தொகுத்துப் பெருமை கொண்டிருப்பர் என்று எண்ணத் தோன்றும். அதுதான் இல்லை. அதிலிருந்தவை ஏறத்தாழ 2,500 சொற்களே. எபிரேயம், கிரேக்கம், இலத்தீன், பிரஞ்சு முதலிய மொழிகளினின்று வந்து புகுந்த கடுஞ்சொற்களே அவை. பெண்டிர்க்கும் பிற எளியோர்க்கும் அச்சொற்கள் விளங்காமையால், அவர்கள் நூல்களிலும் சமயப் பொழிவுகளிலும் அவற்றை எதிர்ப்படும்போது பொருள் உணர்ந்து கொள்ளும் பொருட்டு அந்நூல் தொகுக்கப்பட்டது என்பதை அதன் முகப்பே கூறுகின்றது.

இதன் பொருளை ஊன்றி நோக்குதல் வேண்டும். ஓர் ஆங்கிலத் தாய், ஆங்கில நாட்டில் பிறந்து, ஆங்கிலமே பேசி, ஆங்கிலக் கோயிலில் ஆங்கிலத்தில் ஆற்றப்படும் பொழிவைக் கேட்டு, அது விளங்காமல் வீட்டிற்கு வந்து, ஆங்கிலத்தை ஆங்கிலத்திலேயே மொழிபெயர்த்துக் கொள்ள ஒரு நூலைப் புரட்டினாள். ஆங்கில அகரமுதலிக் கலை பிறந்தது இங்ஙனமே. அந்நூலின் முதற்பதிப்பில் எஞ்சி நிற்பது ஒரே ஒரு படி. அது ஆக்சுபோர்டு நூலகத்தில் உள்ளது. கடன்சொல்லால் மொழி வளரும் என்போர் அப்படியை ஒருகால் எண்ணிப் பார்த்தல் நன்று.

அகரமுதலி வந்தபின் குறை தீர்ந்ததா? தீரவில்லை. வேர் தெரியாத சொல்லை ஆள்வோர் ஒன்றற்கு ஒன்றை மாற்றி ஆள்வர். 1775ஆம் ஆண்டில் செரிடன் என்னும் நாடக ஆசிரியர் 'மாலப்ராப்பு அம்மையார்' என்றொரு பாத்திரத்தைப் படைத்தார். பெரிய சொற்களைப் பேசி மதிப்புப் பெற விழையும் அவ்வம்மையார், முதலையைக் குறிக்கும் சொல்லுக்கு மாறாக உருவகக் கதையைக் குறிக்கும் சொல்லைக் கூறுவார். இரண்டன் ஒலியும் அவர் செவிக்கு ஒன்றே. அரங்கம் நகைத்தது. அவ்வம்மையார் பெயரே இத்தகைய சொற்பிழைக்குப் பெயராகி ஆங்கிலத்தில் இன்றும் வழங்குகின்றது. ஒரு மொழி பேசுவோர் தம் மொழிச் சொல்லையே மாற்றிப் பேசுவதற்கென்று ஒரு தனிப்பெயர் வைக்க வேண்டிய நிலை எதனால் வந்தது என்பதை விளக்கவும் வேண்டுமோ?

பொருள் திரிபு இன்னும் பெரிது. 'நைசு' என்பது ஆங்கிலத்தில் இன்று இனியது, நல்லது என்னும் பொருளில் வழங்கும் சொல். அதன் இலத்தீன மூலத்துக்கு 'அறியாதவன்' என்பது பொருள். பழைய ஆங்கிலேயர் அதனை 'மடமையான' என்னும் பொருளில் ஆண்டனர். 'டெசிமேட்டு' என்பது பதின்மரில் ஒருவரைக் கொல்லும் உரோமப் படையின் ஒறுப்புமுறை. இன்று அது பெரும்பகுதியை அழித்தல் என்னும் பொருளில் ஆளப்படுகின்றது. பத்தில் ஒன்று அழிந்ததா, பத்தில் ஒன்பது அழிந்ததா என்பது சொல்லைக் கொண்டு விளங்காது. சொற்பொருள் மாறுதல் எம்மொழிக்கும் இயல்பே. ஆங்கிலத்தின் சொந்தச் சொற்களும் பொருள் மாறியுள்ளன. ஆயினும் வேர் கண்ணுக்குத் தெரியும் சொல் திரியும்போது, திரிந்தது என்பது பேசுவோர்க்குப் புலனாகும். வேர் தெரியாத சொல் திரிந்தால் கேட்பாரும் இல்லை, தடுப்பாரும் இல்லை.

ஆங்கிலத்துட் சென்ற தமிழ்ச்சொற்களுக்கும் இதே நிலைதான் நேர்ந்தது. மரங்களைக் கட்டிக் கடலில் மிதக்கவிட்ட தமிழ் மீனவனின் கட்டுமரம் ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' ஆயிற்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அப்பெயர் இரண்டு உடல்களை இணைத்த பாய்மரப் படகுக்கு இடப்பட்டது. இன்று ஆங்கில அகரமுதலியைப் புரட்டுவோன் அச்சொல்லுக்குரிய முதற்பொருளாக இரட்டைப் படகையே காண்பான். கட்டுதலும் இல்லை, மரமும் இல்லை. மிளகுத்தண்ணீர் 'முல்லிகடாணி' ஆகி இறைச்சிச் சாறு ஆயிற்று. கறி என்னும் சொல் 1747ஆம் ஆண்டிலேயே ஆங்கிலச் சமையல் நூலொன்றில் ஏறி, இந்திய நாட்டுக் குழம்பு அனைத்துக்கும் பொதுப்பெயர் ஆயிற்று. இவை நகைத்து விடத்தக்கன. நகைக்கத் தகாதது ஒன்று உண்டு. பறை என்னும் இசைக்கருவியோடு தொடர்புடைய ஒரு மக்கட்பெயரை ஆங்கிலம் எடுத்துக் கொண்டு, யாவராலும் ஒதுக்கப்பட்டவன் என்று அதற்குப் பொருள் எழுதி வைத்தது. உலக நாடுகள் விலக்கி வைத்த அரசைக் குறிக்கவும் இன்றைய ஆங்கில இதழ்கள் அப்பெயரையே ஆளுகின்றன. ஓர் இனத்தார் தம் பெயரைத் தாமே ஆங்கில அகரமுதலியில் இழிபொருளோடு படிக்க நேரும் கொடுமையைக் கடன் கொடுக்கல் வாங்கல் என்று எவரும் கூறார்.

இனி, ஆங்கிலேயர் இவற்றைக் கண்டு வாளா இருந்தனரா? இல்லை. வில்லியம் பார்ன்சு என்பார் தார்செட்டுப் பகுதியைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர், பாவலர், பின்னாளில் சமயக்குரவர். 1801ஆம் ஆண்டில் பிறந்து 1886ஆம் ஆண்டில் மறைந்த அவர், பல மொழிகளைக் கற்றுத் தேர்ந்தபின் ஆங்கிலத்தை அதன் சொந்த வேர்களைக் கொண்டே எழுத முற்பட்டார். இலக்கணத்துக்குப் 'பேச்சுக்கலை' என்றும், நிலைத்திணையியலுக்குப் 'பூண்டறிவு' என்றும், எல்லாரும் ஏறிச் செல்லும் வண்டிக்கு 'மக்கள் வண்டி' என்றும் பொருள்படும் தூய ஆங்கிலப் பெயர்களை அவர் புனைந்தார். அவர் சொற்கள் பல வழக்குப் பெறவில்லை எனினும், அக்காலத்தில் எழுந்த அவ்வுணர்ச்சி வீண்போகவில்லை. நாட்டார் வழக்காற்றைக் குறிக்கும் 'போக்லோர்' என்னும் தூய ஆங்கிலச் சொல்லை 1846ஆம் ஆண்டில் வில்லியம் தாம்சு என்பார் படைத்தார். இன்று உலகெங்கும் அதுவே வழங்குகின்றது. முன்னுரைக்கும் கைந்நூலுக்கும் ஆங்கில வேரினின்று அமைந்த சொற்கள் அந்நூற்றாண்டில் இலத்தீனச் சொற்களோடு போட்டியிட்டு இடம்பிடித்தன. எடுத்து வழங்கினால் சொல் வாழும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

20ஆம் நூற்றாண்டிலும் அவ்வுணர்ச்சி தொடர்ந்தது. சார்சு ஆர்வெல் என்னும் பேரெழுத்தாளர் 1946ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையில், இலத்தீன, கிரேக்கச் சொற்களே உயர்ந்தவை என்னும் மயக்கத்தால் எழுத்தாளர்கள் எளிய ஆங்கிலச் சொற்களைக் கைவிடுவதைக் கடிந்தார். பிரித்தானிய அரசு அலுவலர்க்கு எளிய சொற்களில் எழுதக் கற்பிக்கும் நூலொன்றை எர்னசுட்டு கவர்சு என்பார் 1948ஆம் ஆண்டில் அரசின் வேண்டுகோட்படி எழுதினார். 1979ஆம் ஆண்டில், விளங்காத அரசுப் படிவங்களை இலண்டன் நாடாளுமன்றத்தின் முன்னே பொதுமக்கள் காணக் கிழித்தெறிந்து, எளிய ஆங்கிலத்துக்கென்று ஓர் இயக்கமே தோன்றியது. 1999ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் உரிமையியல் வழக்கு நெறிகள் புதுக்கப்பட்டபோது, நூற்றாண்டுகளாக வழங்கிய இலத்தீனத் தொடர்கள் பல விலக்கப்பட்டன. 'இன் கேமரா' என்பதற்கு அறைக்குள் என்பது இலத்தீனப் பொருள். மறைவாக நடக்கும் உசாவலை அது குறிக்கும். எளிய மகனோ படம்பிடிக்கும் கருவியை எண்ணிக் கொள்வான். அத்தொடரை நீக்கி எளிய தொடரை வைத்தனர். 2010ஆம் ஆண்டில் அமெரிக்க ஒன்றிய அரசும் தன் அலுவலகங்கள் மக்களுக்கு விளங்கும் மொழியில் எழுதுதல் வேண்டும் என்று சட்டம் இயற்றியது. கடன்சொல்லே வளர்ச்சியாயின், அக் கடனைத் தீர்க்க இத்துணைப் பாடு எதற்கு?

மற்றோர் உண்மையும் உண்டு. ஏறத்தாழ 80,000 ஆங்கிலச் சொற்களை ஆய்ந்து 1973ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஒரு கணக்கின்படி, பிரஞ்சுச் சொற்கள் நூற்றுக்கு 28. இலத்தீனச் சொற்களும் அவ்வளவே. ஆங்கிலம் பிறந்த செருமானியக் குடும்பத்துச் சொற்கள் நூற்றுக்கு 25. ஆங்கிலம் பெரிதும் கடன்மொழியே என்பதற்கு இதனைக் காட்டுவர். ஆனால் ஆங்கிலேயன் நாள்தோறும் மிகுதியாக வழங்கும் முதல் நூறு சொற்களை எடுத்துப் பார்த்தால், அவற்றுள் மிகப் பெரும்பாலன அவன் குடும்பத்துச் சொற்களே. நான், நீ, வா, போ, தாய், தந்தை, வீடு, நீர், உணவு, அன்பு ஆகிய இவற்றுக்கு அவன் சொந்தச் சொல்லையே வைத்துக் கொண்டுள்ளான். அகரமுதலியில் கடன் மிகுதி. அடுப்படியில் கடன் குறைவு. தமிழகத்திலோ நிலை தலைகீழ்! தாய், தந்தை, சிற்றப்பன், அத்தை, சோறு, நீர், நன்றி, பொறுத்தருள்க என்னும் சொற்களே முதலில் ஆங்கிலத்துக்கு இடம் விட்டு ஒதுங்குகின்றன. வென்றவன் வாள் முனையிலும் ஆங்கிலேயன் விட்டுக் கொடாதவற்றைத் தமிழன் வாளேதுமின்றித் தானே விட்டுக் கொடுக்கின்றான்.

விட்டுக்கொடுத்துப் பெறுவது யாது? 'பசு' என்று எளியோர் வழங்கும் ஊர்திப் பெயரை எடுத்துக்கொள்க. 'ஆம்னிபசு' என்பது இலத்தீனத் தொடக்கமுடைய சொல். 'எல்லார்க்கும்' என்பது அதன் பொருள். அதில் 'எல்லாம்' என்பதைக் குறிக்கும் பகுதி முன்னே நிற்பது. பின்னே நிற்பது 'கு' என்னும் நான்காம் வேற்றுமைப் பொருள்தரும் பன்மையீறு. 1829ஆம் ஆண்டில் இலண்டன் தெருவில் அவ்வண்டி ஓடத் தொடங்கியபின், ஆங்கிலேயர் பகுதியை வெட்டி எறிந்து ஈற்றை மட்டும் பெயராக்கிக் கொண்டனர். அவ்வீற்றைத் தமிழர் வாங்கிக் கொண்டனர். வேற்றுமை உருபின்மேல் ஏறிப் பயணம் செய்வோர் உலகில் வேறெங்கும் உளரோ? 'பேருந்து' என்னும்போது பெரிய உந்து என்னும் பொருள் சிறுவனுக்கும் புலனாகின்றது. முதலில் நகைத்தவர்களே இன்று அச்சொல்லை ஊர்திப் பலகையில் படித்து ஏறுகின்றனர்.

இஃது ஊர்திப் பெயரளவில் நின்றால் பொறுக்கலாம். உயிரைத் தொடும் இடங்களும் உள. 2020ஆம் ஆண்டில் மகுடத் தீநுண்மிப் பெருந்தொற்று உலகைச் சூழ்ந்தபோது, 'குவாரண்டைன்' என்னும் சொல் எங்கும் ஒலித்தது. வெனிசு நகரத்தார் நோய்ப்பட்ட நாட்டுக் கப்பல்களை நாற்பது நாள் கரையண்ட விடாது நிறுத்தி வைத்த வழக்கத்தினின்று பிறந்த சொல் அது. நாற்பது என்பதே அதன் பொருள். 2020இல் பதினான்கு நாள் ஒதுங்கியிருக்கச் சொல்லி அதற்கு 'நாற்பது' என்று பெயர் கூறினர்! ஆங்கிலேயனுக்கே பொருள் தெரியாத அச்சொல்லைச் சிற்றூர்க் கிழவிக்குக் கூறி என் பயன்? 'தனிமைப்படுத்துதல்' என்றபோது அவளுக்கு விளங்கிற்று. 'முகக்கவசம்' என்றபோது எதனை அணிதல் வேண்டும் என்பது விளங்கிற்று. 'ஊரடங்கு' என்றபோது ஊரே அடங்கிற்று. உயிர் காக்க வேண்டிய நேரத்தில் உடன் வந்து நின்றவை மக்கள் மொழியின் சொற்களே.

மருத்துவம் தமிழில் இயலாது என்பார்க்கு ஆங்கிலம் பேசிய ஒருவரே விடை கூறிச் சென்றுள்ளார். அமெரிக்க நாட்டு மருத்துவர் சாமுவேல் கிரீன் 1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மருத்துவமனை நிறுவினார். முதலில் ஆங்கிலத்தில் மருத்துவம் கற்பித்த அவர், 1860களில் தமிழுக்கு மாறினார். தமிழ் மாணவர்க்குத் தமிழிலேயே மருத்துவம் பயிற்றினார். உடற்கூறு, அறுவை மருத்துவம், வேதியியல் முதலிய துறைகளில் நூல்களைத் தமிழில் ஆக்கினார், கலைச்சொற்களையும் தொகுத்தார். அவர் சொற்களில் வடசொற் கலப்பு மிகுதி. அது காலத்தின் குறை. ஆயினும், மருத்துவன் நோயாளியின் மொழியில் கற்றல் வேண்டும் என்னும் அவர் துணிவு இன்றைய மருத்துவக் கல்லூரிகள் எவற்றிற்கு உண்டு? தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டம் 1956ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டுவிட்டது. ஆயினும் மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக் கொண்டு, அதிலுள்ளதைப் படித்துச் சொல்லும்படி மருந்துக்கடைக்காரரிடம் கெஞ்சும் தாய், 1604ஆம் ஆண்டின் ஆங்கிலத் தாயினின்று எவ்வகையில் வேறுபட்டவள்? அவளுக்கேனும் ஒரு காட்ரி கிடைத்தார்.

இவற்றையெல்லாம் கூறுதல் ஆங்கிலத்தின்மேற் கொண்ட பகையால் அன்று. ஆங்கிலம் கற்க வேண்டிய மொழியே; நன்றாகக் கற்க வேண்டிய மொழி. ஒவ்வோர் ஆங்கிலச் சொல்லுக்கும் வேர் யாது, முதற்பொருள் யாது, இன்று வழங்கும் பொருள் யாது என்று தெளிந்து கற்போன் தமிழில் அதனைக் கலக்க மாட்டான். ஆங்கிலத்தை அரைகுறையாகக் கற்றவனே அதனைத் தமிழில் கொட்டுகின்றான். அவனுக்கு ஆங்கிலமும் இல்லை, தமிழும் இல்லை. ஆங்கில ஆசிரியர் ஆங்கிலத்தை ஆங்கிலமாகவும், தமிழாசிரியர் தமிழைத் தமிழாகவும் கற்பித்தல் வேண்டும். சொல் படைப்போர் படைப்பதோடு நில்லாமல் அது பள்ளி நூலிலும் அலுவலகப் படிவத்திலும் ஏறும்வரை உழைத்தல் வேண்டும். இதழ் நடத்துவோர் ஒரு புதுச்சொல்லை ஒருநாள் எழுதி மறுநாள் மறவாமல் தொடர்ந்து எழுதுதல் வேண்டும். பெற்றோர் வீட்டிற்குள் உறவுப் பெயர்களையேனும் தமிழில் காத்தல் வேண்டும். கணினி, இணையம், மின்னஞ்சல் என்பன இங்ஙனம் எழுதியும் பேசியும் நிலைத்த சொற்களே. அவற்றை எவரும் இன்று கடுஞ்சொல் என்று கூறுவதில்லை.

ஆகவே, ஆங்கிலத்தைப் பாருங்கள் என்று கூறுவோர்க்குத் தமிழர் கூறத்தக்க விடை ஒன்றே: பார்த்தாயிற்று. தன் மன்றத்தில் தன் மொழி கேட்க ஆங்கிலேயன் ஏழு நூற்றாண்டளவு காத்திருந்ததையும், தன் மொழியைத் தானே விளங்கிக் கொள்ள அகரமுதலி செய்ததையும், விளங்காத படிவத்தைத் தெருவில் கிழித்ததையும் பார்த்தாயிற்று. அவன் போரில் தோற்றுப் பெற்ற தழும்பை அணியென்று மயங்கித் தன் உடலில் தானே கீறிக் கொள்ளும் மடமை தமிழனுக்கு வேண்டா. வேரோடு நிற்கும் மொழி தமிழ். அதன் வேரினின்றே புதுத்தளிர் விடச் செய்வது ஒவ்வொரு தமிழ் ஆசிரியரின், ஒவ்வோர் அலுவலரின், ஒவ்வொரு தாயின் கடமை. இன்றே தொடங்குக!